வீட்டுப் பொருள்களைக் கொண்டு மின்சுற்றுப் பலகை செய்தல்

அச்சிட்ட மின்சுற்றுப் பலகை, வழக்கில் பிசிபி எனப்படுவது, மின்சாரத்தைக் கடத்தாத பலகை ஒன்றின் மீது ஒட்டப்பட்ட மெல்லிய செம்புப் படலத்தில் வேண்டிய இடங்களை மட்டும் காப்பாற்றிக்கொண்டு, மற்ற செம்பு முழுவதையும் நீக்கிப் பெறப்படும் பொருளாகும். நீக்கத்துக்குத் தப்பி நிற்கும் செம்புக் கோடுகள் கம்பிகளின் வேலையைச் செய்கின்றன. அவை தடங்கள் எனப்படும். உறுப்புகளின் கால்களைப் பற்றவைப்பதற்காகத் தடங்களின் முனைகளில் விடப்படும் வட்டங்கள் திட்டுகள் எனப்படும். வியன்னாவில் பிறந்து 1936இல் இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்த பொறியாளர் பவுல் ஐஸ்லர், ஒரு வானொலிப் பெட்டிக்காக இம்முறையை உருவாக்கி, 1943இல் அதற்குக் காப்புரிமை கோரினார். அன்று தொடங்கி இன்று வரை, இந்த அடிப்படை மாறவில்லை: காக்க வேண்டிய செம்பை ஏதேனும் ஒரு பூச்சால் மூடி, மூடப்படாததைக் கரைசலில் கரைத்துவிடுவது. தொழிற்சாலையில் அந்தப் பூச்சு ஒளியுணர் படலமாக இருக்கிறது. வீட்டில் அது டோனர் எனப்படும் ஜெராக்ஸ் கடையின் கருப்புத் தூளாகவோ, மார்க்கர் மையாகவோ, நகப்பூச்சாகவோ இருக்கலாம்.

இந்த எளிமையே பலரை ஏமாற்றிவிடுகிறது. வேதிப்பொருள்தான் இதில் கடினமான பகுதி என்று எண்ணி, நல்ல கரைசலைத் தேடுவதிலேயே கவனம் முழுவதையும் செலவிடுவோர் உண்டு. உண்மையில் வீட்டில் செய்யும் பலகைகளில் பெரும்பாலானவை கரைசலைத் தொடும் முன்பே, அதாவது செம்பைத் துலக்குவதிலும் பூச்சை ஒட்டவைப்பதிலுமே கெட்டுவிடுகின்றன. கரைசல் அந்தக் குறையைக் காட்டிக்கொடுப்பதோடு சரி. அதனால்தான் இந்த அத்தியாயம் அமிலத்தைவிடத் தேய்ப்பு நாருக்கும் இஸ்திரிப் பெட்டிக்கும் கூடுதல் இடம் தருகிறது.

பலகையும் வாங்குமிடமும்

செம்பு ஒட்டிய வெறும் பலகையைச் சென்னை ரிச்சி தெரு போன்ற மின்னணுக் கடைத்தெருக்களில் ‘காப்பர் கிளாட்’ என்று கேட்டால் கொடுப்பார்கள். அதில் இரண்டு வகை உண்டு. பழுப்பு நிறமுடையது காகித அடுக்குகளை ஃபினாலிக் பிசினில் தோய்த்து அழுத்திச் செய்யப்பட்டது. விலை குறைவு, துளையிடுவது எளிது, ஆனால் அதிகச் சூட்டில் வளையும், செம்பும் கொப்பளித்து எழும்பும். வெளிர் பச்சையோ மஞ்சளோ கலந்து ஒளியைச் சற்றே ஊடுருவ விடுவது கண்ணாடி இழையையும் எபாக்சி பிசினையும் கொண்டு செய்யப்பட்ட எஃப்.ஆர்.-4 வகை, வலுவானது, சூட்டைத் தாங்குவது, ஆனால் துளையிடும் ஊசியை விரைவில் மழுங்கடிப்பது. இரண்டிலும் பலகையின் தடிமன் பெரும்பாலும் 1.6 மி.மீ.; செம்பின் தடிமன் 35 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு. முதன்முதலில் செய்பவருக்குப் பழுப்புப் பலகை போதும் என்று கடைக்காரர் சொல்வது வழக்கம். எனினும் இஸ்திரிப் பெட்டியால் சூடேற்றும் முறையைப் பின்பற்றுவோருக்கு எஃப்.ஆர்.-4 பலகையே பொருத்தமானது, ஏனெனில் சூட்டை அளவிட்டுப் பழகாத கையிடம் பழுப்புப் பலகை எளிதில் கெட்டுப்போகும். பெரிய தாளாக வாங்காமல், வெட்டி எஞ்சிய துண்டுகளைக் கேட்டு வாங்கினால் செலவு மேலும் குறையும்.

பலகையை அளவுக்கு வெட்ட இரும்பறுக்கும் வாள் போதும். அல்லது கூரிய கத்தியால் இரு பக்கமும் ஒரே கோட்டில் பலமுறை ஆழமாகக் கீறி, மேசை விளிம்பில் வைத்து அழுத்தி முறிக்கலாம். வெட்டிய விளிம்பில் எழுந்து நிற்கும் செம்புப் பிசிறை அரத்தால் தட்டையாக்குவது கட்டாயம். அந்தப் பிசிறு இருக்கும் வரை, பின்னர் தாளை வைத்து இஸ்திரி செய்யும்போது தாள் விளிம்பருகே செம்பைத் தொடாமல் தூக்கிக்கொண்டே நிற்கும்.

முறைக்கு இணங்கும் வரைபடம்

வீட்டில் செய்யப்படும் பலகையின் வரைபடம் தொழிற்சாலை வரைபடத்தின் நகலாக இருக்கக் கூடாது. ஆலையில் 0.15 மி.மீ. அகலத் தடங்களும் எளிதில் அமையும். வீட்டு முறையில் 0.5 மி.மீ.க்குக் குறைவான தடத்தை நம்ப இயலாது, 0.8 மி.மீ. என்பது நிம்மதியான அளவு. மின்னோட்டத்தின் கணக்கும் இதற்குத் துணை நிற்கிறது: 35 மைக்ரான் செம்பில் 1 ஆம்பியர் ஓடும்போது சூடு 10 டிகிரிக்கு மேல் ஏறாதிருக்க ஏறத்தாழ 0.3 மி.மீ. அகலமும், 2 ஆம்பியருக்கு 0.8 மி.மீ. அகலமும், 3 ஆம்பியருக்கு 1.4 மி.மீ. அகலமும் தேவை. ஆகவே சாதாரணச் சமிக்ஞைகளுக்கு 0.8 மி.மீ., மின்வழங்கலுக்கு 1.5 முதல் 2 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், கையின் குறையையும் மின்னோட்டத்தின் தேவையையும் ஒருங்கே ஈடுகட்டலாம். திட்டுகளின் விட்டம் 2 மி.மீ.க்குக் குறையாதிருப்பது நல்லது; துளை சற்று விலகிப் போனாலும் சுற்றிலும் பற்றவைக்கச் செம்பு மிஞ்சும்.

வெறுமையாக விடப்படும் பரப்புகளை எல்லாம் தரையிணைப்புச் செம்பாகவே நிரப்பிவிடுவது இன்னொரு நல்ல பழக்கம். 100 சதுர செ.மீ. பரப்பிலுள்ள 35 மைக்ரான் செம்பின் எடை ஏறத்தாழ 3 கிராம். அதை முழுவதும் கரைக்க, கடையில் கட்டிகளாகக் கிடைக்கும் பெரிக் குளோரைடு ஏறத்தாழ 27 கிராம் வேண்டும். வேண்டாத செம்பையும் தரையிணைப்பாக நிறுத்திவைத்தால் கரைக்க வேண்டியது குறைகிறது, நேரம் மிச்சமாகிறது, கழிவும் குறைகிறது.

பயிற்சிக்கு எடுத்துக்கொள்ள 555 என்ற ஒருங்கிணைந்த சுற்று மிகப் பொருத்தமானது. ஹான்ஸ் காமன்சிண்ட் என்பவர் 1971இல் வடிவமைத்த இந்த எட்டுக் கால் சில்லு, அரை நூற்றாண்டு கடந்தும் மலிவாகக் கிடைக்கிறது. 1 கிலோ ஓம் மின்தடையும், 68 கிலோ ஓம் மின்தடையும், 10 மைக்ரோஃபாரட் மின்தேக்கியும் சேர்த்தால், விநாடிக்கு ஏறத்தாழ ஒரு முறை ஓர் எல்.இ.டி. விளக்கை அது சிமிட்டச் செய்யும். 9 வோல்ட் மின்கலத்தில் விளக்குக்கு 470 ஓம் மின்தடை தொடரில் இருக்க வேண்டும். ஒற்றைப் பக்கப் பலகையில் தடங்கள் ஒன்றையொன்று குறுக்கிடாமல் செல்ல வேண்டும் என்ற நிபந்தனையை இந்தச் சிறு சுற்றே நன்றாகக் கற்பித்துவிடும். உறுப்புகள் இருக்கும் பக்கத்திலிருந்து பார்த்தால் சில்லின் இடப்புறத்தில் மேலிருந்து கீழாக 1, 2, 3, 4 ஆகிய கால்களும், வலப்புறத்தில் கீழிருந்து மேலாக 5, 6, 7, 8 ஆகிய கால்களும் அமைகின்றன. 2ஆம் காலும் 6ஆம் காலும் இணைய வேண்டும். 4ஆம் காலும் 8ஆம் காலும் இணைய வேண்டும். 2க்கும் 6க்கும் உரிய தடத்தைச் சில்லின் அடியில் குறுக்காக ஓட்டிவிட்டால், 4 அந்தத் தடத்துக்குக் கீழேயும் 8 மேலேயும் பிரிந்துபோகின்றன. ஆகவே 4இலிருந்து புறப்படும் தடம் சில்லின் கீழ்ப்புறமாக வெளியே வந்து, 5ஆம் காலைச் சுற்றி, வலப்புறம் ஏறி 8ஐ அடைய வேண்டும். அதையே நேர்மின் வழங்கல் தடமாக வைத்துக்கொண்டு, சில்லுக்கும் அந்தத் தடத்துக்கும் இடையில் கிடைக்கும் இடத்தில் 7ஆம் காலுக்குரிய இரு மின்தடைகளையும் பொருத்தலாம். தரையிணைப்பு, மின்தேக்கி, விளக்கு ஆகியவை இடப்புறத்தில் 1, 2, 3 ஆகிய கால்களுக்கு அருகே அமைந்துவிடும். 5ஆம் காலை இந்தச் சுற்றில் இணைக்காமலே விடலாம். வேறு சுற்றுகளில் குறுக்கீட்டைத் தவிர்க்கவே முடியாதபோது, ஒரு மின்தடையின் உடலையே தடத்தின் மேல் பாலமாகக் கிடத்தலாம். அதுவும் இயலாவிட்டால் உறுப்புப் பக்கத்தில் ஒரு கம்பித் துண்டை இடுவதில் இழிவு ஏதும் இல்லை.

வரைவதற்குக் கிகேட் என்ற மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. ஜீன்-பியர் ஷரா 1992இல் தொடங்கிய அந்தத் திறமூல மென்பொருளின் வளர்ச்சிக்குப் பின்னாளில் செர்ன் ஆய்வுக்கூடமும் துணைநின்றது. அச்செடுக்கும்போது அளவு மாறாமல், சரியாக ஒன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் எடுக்க வேண்டும். ‘பக்கத்துக்கு ஏற்பச் சுருக்கு’ என்ற தெரிவு இயங்கிக்கொண்டிருந்தால் படம் சில விழுக்காடு சிறுத்து, சில்லின் கால்கள் திட்டுகளில் பொருந்தா. அச்சான தாளின் மேல் உண்மையான சில்லை வைத்து, 2.54 மி.மீ. இடைவெளியுள்ள அதன் கால்கள் எல்லாத் திட்டுகளின் நடுவிலும் விழுகின்றனவா என்று பார்த்த பிறகே அடுத்த படிக்குச் செல்ல வேண்டும்.

இட வல மாற்றமே பலரைக் குழப்புவது. மென்பொருள், பலகை கண்ணாடியால் ஆனது போலக் கொண்டு, அதன் அடிப்பக்கச் செம்பை உறுப்புப் பக்கத்திலிருந்தே பார்த்துக் காட்டுகிறது. அந்தத் தோற்றத்தை அப்படியே, திருப்பாமல் அச்சிட்டு, அச்சு முகத்தைச் செம்பின் மீது கவிழ்த்து ஒட்டும்போது படம் ஒரு முறை இட வலமாகப் புரள்கிறது. அதனால் செம்புப் பக்கத்திலிருந்து பார்க்கையில் சரியான தோற்றம் கிடைத்துவிடுகிறது. இதைச் சரிபார்க்க எளிய வழி, அடிப்பக்கச் செம்பில் ஏதேனும் ஓர் எழுத்தைச் சேர்த்துவைப்பது: அந்த எழுத்து தாளில் இட வலம் மாறி, கண்ணாடியில் தெரிவது போல் இருந்தால், செம்பில் நேராக வரும். மார்க்கரால் செம்பின் மீது நேரடியாக வரைபவர் மட்டும் உறுப்புப் பக்கத் தோற்றத்தைத் தாமே இட வலமாகத் திருப்பி வரைய வேண்டும். அப்போது 555இன் கால் எண்கள் கடிகார முள் சுற்றும் திசையிலேயே ஏறிச் செல்லும்.

செம்பைத் துலக்குதல்

கடையிலிருந்து வந்த செம்பு பளபளப்பாகத் தோன்றினாலும் அதன் மேல் விரல் எண்ணெயும் காற்றால் உண்டான ஆக்சைடுப் படலமும் படிந்தே இருக்கும். பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரையோ மெல்லிய இரும்பு நாரையோ எடுத்து, பாத்திரம் துலக்கும் திரவத்தை ஒரு துளி விட்டு, முதலில் ஒரு திசையிலும் பின்னர் அதற்குக் குறுக்காகவும், கடைசியில் வட்டமாகவும் தேய்க்க வேண்டும். இவ்வாறு உண்டாகும் நுண்ணிய கீறல்கள் டோனர் பற்றிக்கொள்ள உதவுகின்றன. ஆனால் மணல் தாளால் ஆழமாகக் கீறுவது தவறு, ஏனெனில் பள்ளங்களின் வழியே கரைசல் பூச்சுக்கு அடியில் புகுந்துவிடும். துலக்கி முடிந்ததா என்பதைத் தண்ணீரே சொல்லிவிடும். பலகையைத் தண்ணீரில் நனைத்துச் சாய்த்துப் பிடித்தால், தூய செம்பின் மேல் நீர் ஒரே படலமாகப் படர்ந்து நிற்கும். எங்கேனும் நீர் விலகித் துளிகளாகத் திரண்டால் அங்கே எண்ணெய் எஞ்சியிருக்கிறது என்று பொருள். அந்தச் சோதனையில் தேறும் வரை தேய்ப்பதே இந்த அத்தியாயத்தின் மிக மலிவான, மிக முக்கியமான படி. அதன் பிறகு பலகையை விளிம்பில் மட்டுமே பிடித்து, பஞ்சு உதிராத துணியால் ஒற்றி உலர்த்தி, காலம் தாழ்த்தாமல் பயன்படுத்த வேண்டும்.

டோனரைத் தாளிலிருந்து செம்புக்கு மாற்றுதல்

லேசர் அச்சுப்பொறியிலும் ஜெராக்ஸ் இயந்திரத்திலும் பயன்படும் டோனர் என்பது மை அன்று. நிறமூட்டப்பட்ட பிளாஸ்டிக்கின் மிக நுண்ணிய தூள். சூட்டில் உருகித் தாளில் ஒட்டுவதே அதன் வேலை. அதே தூளை மறுபடி சூடேற்றினால் அது தாளை விட்டுச் செம்பில் ஒட்டும். பிளாஸ்டிக் ஆதலால் பெரிக் குளோரைடு அதைத் தொடுவதில்லை. இங்க்ஜெட் அச்சுப்பொறியின் மைக்கு இந்தத் தன்மை இல்லை. அதனால் எவ்வளவு கருப்பாக அச்சிட்டாலும் அது இவ்வேலைக்கு உதவாது. வீட்டில் லேசர் அச்சுப்பொறி இல்லாதவர்கள், இங்க்ஜெட்டில் எடுத்த படத்தை ஜெராக்ஸ் கடையில் கொடுத்து, வேண்டிய தாளில் நகலெடுத்துக்கொள்ளலாம். நகலில் அளவு மாறவில்லை என்பதை மட்டும் மறுபடி சில்லை வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தாளைத் தேர்ந்தெடுப்பதில்தான் நுட்பம் இருக்கிறது. சாதாரண வெள்ளைத் தாளில் டோனர் இழைகளுக்குள் புகுந்துவிடுவதால் பாதி தாளிலேயே தங்கிவிடும். வழவழப்பான வார, மாத இதழ்களின் உட்பக்கத் தாளிலோ, மெல்லிய களிமண் போன்ற கனிமப் பூச்சு ஒன்று இழைகளை மூடியிருக்கிறது. டோனர் அதன் மேலேயே நிற்கும், தண்ணீரில் ஊறும்போது அந்தப் பூச்சும் இளகி விலகும். ஏற்கெனவே அச்சான படங்களும் எழுத்துகளும் அதில் இருப்பதால் கேடில்லை. அந்த அச்சு மை செம்புக்கு மாறுவதில்லை. தாளை ஏ4 அளவுக்குச் சுருக்கமின்றி வெட்டி, ஓரங்கள் கிழியாமல் கொடுத்தால் அச்சுப்பொறியில் சிக்காது. இங்க்ஜெட்டுக்கென விற்கும் பளபளப்பான புகைப்படத் தாளை லேசர் இயந்திரத்தில் இடக் கூடாது; அதன் பிளாஸ்டிக் பூச்சு உள்ளே இருக்கும் சூட்டு உருளையில் உருகி ஒட்டி இயந்திரத்தையே கெடுத்துவிடலாம். அச்சிடும்போது டோனர் சிக்கன முறையை நிறுத்தி, அடர்த்தியை உச்சத்தில் வைக்க வேண்டும்.

இஸ்திரிப் பெட்டியைப் பருத்தித் துணிக்குரிய சூட்டில், நீராவி இல்லாமல் வைத்து, தட்டையான மரப்பலகையின் மீது செம்பை மேல்நோக்கிக் கிடத்தி, முதலில் அரை நிமிடம் பலகையையே சூடேற்ற வேண்டும். குளிர்ந்த செம்பு சூட்டை எல்லாப் பக்கமும் இழுத்துப் பரப்பிவிடும். அதனால் டோனர் உருகாமல் போவதே முதல் முயற்சிகளில் நேரும் தோல்விக்குக் காரணம். பின்னர் தாளை அச்சு முகம் கீழாக ஒரே முறையில் நகராமல் வைத்து, மேலே ஒரு வெள்ளைத் தாளைப் போட்டு, பெட்டியை முழு எடையுடன் அரை நிமிடம் அசையாமல் அழுத்தினால் தாள் இடத்தில் ஒட்டிக்கொள்ளும். அதன் பிறகே பெட்டியை மெல்ல நகர்த்தி, அதன் முனையாலும் விளிம்பாலும் ஒவ்வொரு பகுதியையும், குறிப்பாக நான்கு ஓரங்களையும், மொத்தம் மூன்று முதல் ஐந்து நிமிடம் வரை அழுத்த வேண்டும். சூடு போதிய அளவு சென்றுவிட்டால், தடங்களின் உருவம் தாளின் முதுகில் மெல்லிய நிழலாகத் தெரியத் தொடங்கும். அளவுக்கு மீறி அழுத்தினால் உருகிய டோனர் பக்கவாட்டில் பரவி, அருகருகே உள்ள தடங்கள் ஒன்றாகிவிடும். குறைத்து அழுத்தினால் தாளோடு உரிந்து வரும்.

சூடான பலகையிலிருந்து தாளை உரிக்க முயல்வது உழைப்பை வீணாக்கும். கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறிய பின், வெதுவெதுப்பான நீரில் சோப்புத் துளி விட்டு இருபது நிமிடம் ஊறவைத்து, கட்டைவிரலின் சதைப்பகுதியால் தாளை உருட்டி உருட்டிக் கூழாக எடுக்க வேண்டும். நனைந்திருக்கும்போது தூய்மையாகத் தோன்றும் பலகை, உலர்ந்ததும் தடங்களுக்கு இடையிலும் திட்டுகளின் நடுத்துளைகளிலும் வெண்மையான படலத்தைக் காட்டும். அது தாளின் கனிமப் பூச்சு. அது இருக்கும் இடத்தில் கரைசல் செம்பைத் தொட முடியாதாகையால், பழைய பல்துலக்கியால் அதை அறவே நீக்க வேண்டும். டோனர் சரியாக ஒட்டியிருந்தால் பல்துலக்கிக்கு அசையாது. அறுந்துபோன தடங்களை நிலைத்த மார்க்கரால் இரு முறை பூசியோ, நகப்பூச்சை ஊசிமுனையில் தொட்டு வைத்தோ சீர்செய்யலாம். ஒட்டிக்கொண்ட தடங்களைக் கத்தி முனையால் சுரண்டிப் பிரிக்கலாம். பாதிக்கு மேல் குறைபட்டிருந்தால் ஒட்டுப்போட முயலாமல், இரும்பு நாரால் முழுவதையும் தேய்த்தழித்து மறுபடி தொடங்குவதே நல்லது. செம்பு இன்னும் சேதமடையவில்லை, செலவு ஒரு தாள் மட்டுமே.

அரித்தல்

மூடப்படாத செம்பைக் கரைத்து நீக்குவதற்கு அரித்தல் என்று பெயர். இதற்கு நெடுங்காலமாகப் பயன்படுவது பெரிக் குளோரைடு. அதிலுள்ள இரும்பு செம்பிடமிருந்து எலக்ட்ரான்களைப் பறித்துக்கொள்கிறது. எலக்ட்ரான்களை இழந்த செம்பு குளோரைடாகி நீரில் கரைகிறது. 100 கிராம் கட்டிக்குக் கால் லிட்டர் தண்ணீர் என்பது வீட்டு வேலைக்கு ஏற்ற அளவு. தண்ணீரில்தான் பொருளைச் சிறிது சிறிதாகப் போட வேண்டுமே தவிர, பொருளின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. கரையும்போது சூடு எழும், கருப்புத் தூள் வகையானால் காரமான புகையும் எழும். பாத்திரம் பிளாஸ்டிக்காகவோ கண்ணாடியாகவோ இருக்க வேண்டும். எவர்சில்வரையும் இக்கரைசல் அரித்துவிடும், தரையிலும் துணியிலும் விழுந்த கறை போகாது. கையுறையும் கண்ணாடியும் அணிந்து, காற்றோட்டமுள்ள இடத்தில், சமையலறைக்கு வெளியே செய்ய வேண்டும். இதற்கென ஒதுக்கிய பாத்திரம் மீண்டும் உணவுக்குப் பயன்படக் கூடாது.

பலகையைப் போட்ட பத்தாவது விநாடியில் எடுத்துக் கழுவிப் பார்ப்பது பயனுள்ள ஒரு சோதனை. கரைசல் தொட்ட செம்பு உடனே பளபளப்பு மங்கி இளஞ்சிவப்பாக மாறியிருக்கும். எங்கேனும் பழைய பளபளப்பு அப்படியே இருந்தால் அங்கே படலம் எஞ்சியிருக்கிறது, மறுபடி துலக்கிவிட்டுத் தொடரலாம். கரைசல் பாத்திரத்தைச் சுடுநீர் உள்ள பெரிய தட்டில் வைத்து 40 முதல் 50 டிகிரி செல்சியஸ் சூட்டில் வைத்திருந்தால் வேலை விரைவாக நடக்கும். பாத்திரத்தை ஓயாமல் மெல்ல அசைத்துக்கொண்டிருக்க வேண்டும். இல்லையேல், பலகையின் முதுகில் ஒட்டுநாடாவால் ஒரு பிடி வைத்து, செம்புப் பக்கம் கீழாகக் கரைசலின் மேற்பரப்பில் மிதக்க விடலாம். கரைந்த செம்பு கனமாகையால் தானே கீழிறங்கி, புதிய கரைசலுக்கு வழிவிடும். செம்பு முதலில் பலகையின் விளிம்புகளிலும் தடங்களின் ஓரங்களிலும் மறைந்து, பரந்த வெற்றிடங்களின் நடுவில் கடைசியாக மறையும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, வேண்டாத செம்பு எங்கும் எஞ்சவில்லை என்று கண்டவுடனே எடுத்துவிட வேண்டும். கரைசல் கீழ்நோக்கி மட்டுமன்றிப் பக்கவாட்டிலும் அரிப்பதால், தாமதிக்கும் ஒவ்வொரு நிமிடமும் தடங்கள் மெலிகின்றன.

பெரிக் குளோரைடு கிடைக்காதபோது மளிகைக் கடையும் மருந்துக்கடையும் கைகொடுக்கும். 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு 100 மி.லி., எலுமிச்சை உப்பு எனப்படும் சிட்ரிக் அமிலம் 30 கிராம், சமையல் உப்பு 5 கிராம் ஆகியவற்றைக் கலந்தால் 100 சதுர செ.மீ. வரையிலான பலகையை அரிக்கும் கரைசல் கிடைக்கும். மருந்துக்கடையில் 20 வால்யூம் என்று விற்கப்படும் பெராக்சைடு ஏறத்தாழ 6 சதவீதம் ஆதலால், சம அளவு நீர் சேர்த்துக்கொள்ள வேண்டும். இக்கரைசல் தெளிவாக இருப்பதால் உள்ளே நடப்பதைப் பார்க்க முடிகிறது, கறையும் இல்லை. ஆனால் ஒருமுறை கலந்ததைச் சேமிக்க இயலாது, மூடிய புட்டியில் வைத்தால் வெளிப்படும் வாயுவின் அழுத்தத்தால் புட்டி வெடிக்கலாம். கழிப்பறை கழுவும் அமிலத்தைப் பெராக்சைடுடன் கலக்கும் முறை விரைவானது என்று பலர் பரிந்துரைப்பதுண்டு. அளவு தவறினால் நச்சுத்தன்மையுள்ள குளோரின் வாயு எழும் அந்த முறையை வீட்டுக்குள் அறவே தவிர்க்க வேண்டும்.

பயன்பட்ட கரைசல்

பெரிக் குளோரைடு கரைசலை வேகம் குறையும் வரை பலமுறை பயன்படுத்தலாம். பெயரும் எச்சரிக்கையும் எழுதி ஒட்டிய பிளாஸ்டிக் புட்டியில், குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும். குடிநீர்ப் புட்டியிலோ குளிர்பானப் புட்டியிலோ ஊற்றிவைப்பது எந்த நிலையிலும் கூடாது. வலுவிழந்த கரைசலைச் சாக்கடையில் கொட்டக் கூடாது. இரும்பை விடவும் அதில் கரைந்துள்ள செம்பே கேடானது; மிகச் சிறு அளவிலும் மீன்களையும் பிற நீர்வாழ் உயிர்களையும் அது பாதிக்கும். பழைய கரைசலில் சலவைச் சோடாவைக் கரண்டி கரண்டியாகச் சேர்த்தால் நுரை எழும். நுரைப்பது நின்ற பின் ஒரு நாள் அசையாமல் விட்டால் செம்பும் இரும்பும் சேறாக அடியில் தங்கும். துணியில் வடிகட்டிய சேற்றை உலர்த்தி, சிறிது சிமென்டுடன் குழைத்துக் கட்டியாக்கி, பழைய மின்கலம், பூச்சிமருந்துப் புட்டி முதலியவற்றோடு வீட்டு அபாயக் கழிவாகத் தனியே ஒப்படைக்க வேண்டும்.

துளையும் பற்றவைப்பும்

அரித்து முடிந்த பலகையின் டோனரை நகப்பூச்சு நீக்கியால் துடைத்தோ இரும்பு நாரால் தேய்த்தோ எடுக்கலாம். துளைகளைச் செம்புப் பக்கத்திலிருந்தே இட வேண்டும். திட்டின் நடுவே அரிபட்டு உண்டான சிறு பள்ளம் ஊசி முனையை வழுக்காமல் பிடித்துக்கொள்ளும். சில்லுகளுக்கும் கால் வாட் மின்தடைகளுக்கும் 0.8 மி.மீ., 1என்4007 போன்ற டயோடுகளுக்கு 1 மி.மீ., கம்பி முனைகளுக்கு 1.2 மி.மீ. என்பன ஏற்ற அளவுகள். கார்பைடு ஊசிகள் கையின் சிறு ஆட்டத்துக்கே முறிந்துவிடும். கையால் துளையிடுவோருக்குச் சாதாரண எஃகு ஊசியே ஏற்றது. கண்ணாடி இழைத் தூள் நுரையீரலுக்கு ஆகாது. முகக்கவசம் அணிந்து, தூளை ஊதாமல் ஈரத் துணியால் துடைத்தெடுக்க வேண்டும்.

பற்றவைக்கும் முன், மல்டிமீட்டரின் ஒலிச் சோதனையால் ஒவ்வொரு தடமும் முனை முதல் முனை வரை தொடர்கிறதா, அடுத்த தடத்தைத் தொடாமல் இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். உறுப்புகள் ஏறிய பிறகு இதே குறையைக் கண்டுபிடிப்பது பல மடங்கு கடினம். பிறகு 25 வாட் பற்றுக்கோலும், 183 டிகிரியில் உருகத் தொடங்கும் 60/40 பற்றாசும் கொண்டு, உயரம் குறைந்த உறுப்புகளில் தொடங்கிப் பற்றவைக்க வேண்டும். மின்தடைகள் முதலில், சில்லுக்கான தாங்கி அடுத்து, மின்தேக்கி கடைசியில். வெறும் செம்பு சில வாரங்களில் கருத்துவிடும். ரோசினை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் கரைத்துத் தூரிகையால் பூசினால் அது காப்பாகவும், பின்னாளில் மறுபடி பற்றவைக்க நேர்ந்தால் இளக்கியாகவும் பயன்படும்.

இம்முறையில் செய்த பலகை, மின்கலத்திலோ 12 வோல்ட் மின்மாற்றித் தொகுதியிலோ இயங்கும் சுற்றுகளுக்கு முழுமையாக நம்பத்தக்கது. 230 வோல்ட் வீட்டு மின்சாரம் நேரடியாகப் பாயும் சுற்றுகளுக்கு அது தகுந்ததன்று. கண்ணுக்குத் தெரியாத செம்பு இழை ஒன்று இரு தடங்களுக்கிடையே எஞ்சியிருந்தாலும் அங்கே அது உயிருக்கே ஆபத்தாகும். அத்தகைய பலகைகளைத் தொழிற்சாலையில் செய்வித்தே பயன்படுத்த வேண்டும்.